ஆறு நாற்பது பஸ்ஸுக்கு ஒரு சாட்சி

கருவேலங்குளம்,
உச்சிப்புளி அஞ்சல்.
8.9.2024

அன்பு மகள் யுவராணிக்கு உன் அய்யா சோணைமுத்து எழுதுவது.

நானும் உன் அம்மாவும் இரண்டு பசுக்களும் சுகம். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா, விடுதிச் சோறு தொண்டைக்குள் இறங்குகிறதா, அதை முதலில் எழுது.

போனைக் கையில் வைத்துக்கொண்டு கடிதம் எதற்கு என்று கேட்பாய். என் காது விஷயம் உனக்குத் தெரியும். போனில் நீ பேசுவது எனக்குக் கேட்பதில்லை. நான் பேசுவது தெருவுக்கே கேட்கிறது. முக்கியமாகப் பக்கத்து வீட்டுக்குக் கேட்கிறது. நாலு வருஷமாக நம்மோடு பேச்சுவார்த்தை இல்லாத வெள்ளையம்மாளுக்கு நம் வீட்டுச் சமாச்சாரம் இனாமாகப் போய்ச் சேர்வதில் எனக்குச் சம்மதமில்லை. அவள் ஆடுகள் என் மிளகாய் நாற்றங்காலை ஒரே மத்தியானத்தில் மொட்டையடித்ததை நான் மறக்கவில்லை. "ஆடு இல்ல, காத்துல சாஞ்சிருக்கும்" என்று அவள் பஞ்சாயத்தில் சொன்னதையும் மறக்கவில்லை. எந்தக் காற்றம்மா இலையை மட்டும் கடித்துவிட்டுப் போகும்? ஆகவே உடம்பு விஷயம் போனில், மற்ற விஷயமெல்லாம் தபாலில்.

உன்னைப் பஸ் ஏற்றிவிட்டபோது பேசியதை எழுத்திலும் வைத்துவிடுகிறேன். தை முதல் தேதிக்குள் உன் படம் போட்ட கம்பெனி அட்டை கழுத்தில் ஏறிவிட்டால், நீயாகச் சொல்லும்வரை நான் கல்யாணப் பேச்சை எடுக்க மாட்டேன். ஏறாவிட்டால் நீ ஊருக்கு வந்து நான் பார்க்கிற மாப்பிள்ளைக்குக் கழுத்தை நீட்ட வேண்டும். மண்டபம் இறால் கம்பெனியில் இரண்டு வருஷம் கழித்தாய், நான் ஒன்றும் சொல்லவில்லை. இது மிளகாய், மல்லி சோதிக்கிற கம்பெனி என்பதால் வெளியே சொல்லவும் கௌரவமாக இருக்கிறது. அட்டை வந்ததும் எழுது.

உன் நினைவாகவே இருக்கும்
அய்யா

*

சென்னை
22.9.2024

அன்புள்ள அய்யாவுக்கு யுவராணி எழுதிக்கொள்வது.

சோறு இறங்குகிறது. சாம்பார்தான் கொஞ்சம் யோசித்து இறங்குகிறது. அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? உங்கள் காதுக்கு டாக்டரைப் பார்த்தீர்களா, இல்லை பார்த்ததாக அம்மாவிடம் சொல்லிவிட்டீர்களா?

ஆபீஸ் ஏழு மாடி. எனக்குக் கீழேயே, வாசலுக்கு நேராக இருக்கை கொடுத்திருக்கிறார்கள். மெத்தை வைத்தது. ஏ.சி. நேராக என்மேல்தான் அடிக்கிறது. கம்பெனிக்குள் வருகிற எவரும் என்னைத் தாண்டித்தான் போக வேண்டும். சிலர் எனக்குக் காலை வணக்கம் சொல்கிறார்கள், சிலர் என்னிடம் வழி கேட்கிறார்கள். வேலைப்பளு இப்போதைக்குக் குறைவு.

அட்டையும் கொடுத்திருக்கிறார்கள், சிவப்பு நாடா போட்டது. படம் போட்ட அட்டை அதற்கு அடுத்தது. எச்.ஆர். பிரிவில் கவிப்ரியா என்று ஒரு மேடம், அவர்தான் அதைக் கொடுக்க வேண்டும். எப்போது கேட்டாலும் முகம் சுளிக்காமல் சிரித்துக்கொண்டே, "பிராசஸ்ல இருக்கும்மா" என்கிறார். நடந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். நீங்கள் கவலைப்பட வேண்டாம்.

அம்மாவை மாத்திரை போடச் சொல்லுங்கள்.

உங்கள் பிரியமுள்ள மகள்
யுவராணி

*

கருவேலங்குளம்
13.10.2024

என் ஆத்தா யுவராணிக்கு,

நீ நல்லபடியாக இருப்பதை அறிந்து மெத்த சந்தோஷம். அம்மாவின் முழங்கால் மழைக்கு முன்னால் கொஞ்சம் முனகுகிறது. டாக்டர் என் காதைப் பார்த்துவிட்டார். அவர் என்ன சொன்னார் என்பதுதான் எனக்குக் கேட்கவில்லை.

பிராசஸ் என்றால் என்ன என்று அம்மா கேட்டாள். மாவு புளிக்கிற மாதிரி என்றேன். "எச்சா புளிச்சா தோசதான் ஊத்தணும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

கூத்தையா டீக்கடையில் உன் இருக்கை விஷயத்தைச் சொன்னேன். "மெட்ராசுல அந்தக் கம்பெனிக்குள்ள போகணும்னா எம்மகளத் தாண்டித்தான் போகணும்" என்றதும் கூத்தையா என் டீக்குச் சர்க்கரை கூடப் போட்டான்.

வேறு விசேஷம் ஒன்றும் இல்லை. போன செவ்வாய்க்கிழமை மோட்டார் சைக்கிளில் ஒரு பையன் இந்தப் பக்கம் வந்தான். மோர் கொடுத்தோம், குடித்துவிட்டுப் போனான். அவ்வளவுதான். அம்மா வீட்டுக்கு வெள்ளை அடிக்க வேண்டும் என்கிறாள், சும்மாதான். வெள்ளையம்மாளைப் பற்றி நான் முன்பு எழுதியதில் பாதியை அடித்துவிடு. எந்தப் பாதி என்று தை பிறந்ததும் சொல்கிறேன்.

இன்னொன்று. இறால் கம்பெனியில் வேலை பார்த்ததை அங்கே யாரிடமும் அநாவசியமாகப் பேசிக்கொண்டிருக்காதே. உனக்குச் சாம்பார் வைக்கத் தெரியும்தானே? தெரியாவிட்டால் விடுதிச் சமையல்காரரிடம் கேட்டு வை. இதெல்லாம் பொதுவாகச் சொல்கிறேன்.

ஆசிகளுடன்
அய்யா

*

சென்னை
10.11.2024

அய்யாவுக்கு,

பதில் எழுத ஒரு மாதம் ஆகிவிட்டது. எனக்குக் காய்ச்சல், தலைவலி எதுவும் இல்லை. சொல்ல வெட்கமாக இருந்தது, அதுதான்.

நீங்கள் டீக்கடையில் பெருமைப்பட்டதைப் படித்த பிறகு என்னால் அந்த மெத்தையில் உட்கார முடியவில்லை. அது இருக்கை இல்லை அய்யா. வெளியிலிருந்து வருகிறவர்கள் காத்திருப்பதற்காகப் போட்ட சோபா. சிவப்பு நாடா அட்டையில் 'பார்வையாளர்' என்று எழுதியிருக்கிறது. பத்து வாரமாக நான் பார்வையாளர்தான். தினமும் வாசலில் பதிவேட்டில் எழுத வேண்டும். 'யாரைப் பார்க்க' என்ற கட்டத்தில் கவிப்ரியா என்று எழுதுவேன். 'சந்தித்தீர்களா' என்ற கட்டத்தில் பெரும்பாலும் இல்லை என்று எழுதுவேன். காவலாளி பாக்கர் அண்ணன் நம்ம கீழக்கரைக்காரர். "என்ன தாயி, இன்னக்கியும் விருந்தாளிதானா?" என்று கேட்டுவிட்டு அவரே எழுதிக்கொள்கிறார். 'வந்த நோக்கம்' என்ற இடத்தில் 'வேலை' என்று எழுதுவார். ஒரு நாள் மட்டும் 'தெரியவில்லை' என்று எழுதியிருந்தார். தீபாவளிக்குக் கம்பெனி இனிப்புப் பெட்டி கொடுத்தது. ஊழியர் எண் இல்லாததால் எனக்கு இல்லை. பாக்கர் அண்ணன் தன் பெட்டியைத் திறந்து, "பாதிய எடு தாயி" என்றார்.

முதலில் நீலப் பின்னணியில் இரண்டு போட்டோ கேட்டார்கள். கொடுத்தேன். பிறகு வெள்ளைப் பின்னணியில் கேட்டார்கள். அதையும் கொடுத்தேன். பிறகு சாப்ட்வேர் மாறிவிட்டது, முதலிலிருந்து என்றார்கள். திரும்பவும் நீலம்.

லேப் கதவு அட்டையைக் காட்டினால்தான் திறக்கும். நான் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்ப்பேன். போன வாரம் ஒரு மூட்டை முண்டு மிளகாய் உள்ளே போனது. நம்ம பக்கத்து மிளகாய் என்று வாசனையிலேயே தெரிந்தது. மிளகாய்க்குக் கதவு திறந்தது அய்யா, எனக்குத் திறக்கவில்லை. அன்றைக்கு மாடிப்படியில் உட்கார்ந்து அழுதேன்.

இப்போது பாக்கி ஒன்றுதானாம். என் படிப்பு, பழைய வேலை எல்லாம் உண்மைதானா என்று வெளி ஆட்களை வைத்துச் சரிபார்க்கிறார்களாம். பழைய கம்பெனி மண்டபத்தை மூடிவிட்டுத் தூத்துக்குடிக்குப் போய்விட்டது. இங்கிருந்து போகிற மெயிலுக்கு அங்கிருந்து பதில் இல்லை. அங்கேயும் ஒரு கவிப்ரியா இருப்பார் போலிருக்கிறது.

தைக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. அதுவரை நம் பேச்சு பேச்சுத்தான்.

யுவராணி

*

கருவேலங்குளம்
17.11.2024

யுவராணிக்கு,

அம்மா அழுகிறாள். எனக்கு ஆத்திரமாக வருகிறது. நம் வீட்டுக்கு வந்தவரைப் பத்து நிமிஷம் வாசலில் நிற்கவைத்தால் நமக்கு ஊரில் பெயர் இருக்காது. பத்து வாரம் ஒரு பெண்பிள்ளையைச் சோபாவில் வைத்திருக்கிறார்களே, அந்தக் கவிப்ரியா வீட்டில் பெரியவர்கள் யாரும் இல்லையா?

தை வரைக்கும் காத்திருக்கத் தேவையில்லை என்று எனக்குப் படுகிறது. பெட்டியைக் கட்டிக்கொண்டு ரயில் ஏறு. இங்கே ஒரு நல்ல காரியம் கைகூடி வருகிற மாதிரி இருக்கிறது. அவர்கள் வந்து விசாரித்துப் போய் ஒரு மாதம் ஆயிற்று, எந்த நாளும் பதில் வரலாம்.

அய்யா

*

சென்னை
28.11.2024

அய்யா,

உங்கள் கடிதம் வந்த அதே நாளில் கவிப்ரியா மேடம் என்னைக் கூப்பிட்டார். முதல் தடவையாக அவர் சிரிக்கவில்லை. வெளி ஆள் ஊருக்கே போய் விசாரித்துக் கொடுத்த அறிக்கையைப் படித்துக் காட்டினார். மனப்பாடமாகிவிட்டது, அப்படியே எழுதுகிறேன்.

'மேற்படி பெண் இதுவரை எந்த வேலைக்கும் சென்றதில்லை என அண்டை வீட்டார் வெள்ளையம்மாள் எழுத்துமூலம் தெரிவித்தார். வீட்டை விட்டு வெளியே வரும் பழக்கம் இல்லாதவர். தந்தையும் இதை உறுதி செய்தார். சாம்பாரில் தேர்ச்சி உண்டு.'

இரண்டு வருஷ அனுபவச் சான்றிதழ் போலி என்று சந்தேகப்படுகிறார்கள். ஜனவரி பத்தாம் தேதிக்குள் உண்மை என்று நிரூபணம் ஆகாவிட்டால் வேலை ரத்து. அதோடு போகாது, போலிச் சான்றிதழ் கொடுத்தவள் என்று பெயர் விழுந்தால் வேறு எந்த லேபும் என்னைச் சேர்க்காது. வெள்ளையம்மாள் அத்தை நம் பகையாளி, எதையும் சொல்லுவார். 'தந்தையும் உறுதி செய்தார்' என்ற இடத்தில்தான் எனக்கு உயிர் போய்விட்டது.

மோர் குடித்துவிட்டுப் போன அந்தப் பையன் யார் அய்யா? அவனிடம் என்ன சொன்னீர்கள்?

யுவராணி

*

கருவேலங்குளம்
8.12.2024

என் தங்கத்துக்கு,

உன் கடிதத்தை அம்மா மூன்று தடவை படித்துக் காட்டினாள். இந்த ஒரு விஷயத்தில் காது முழுசாகவே போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

பையன் பெயர் வினோத்குமார். ஹெல்மெட்டைக் கழற்றியதும், "யுவராணி வீடு இதானுங்களா? அவங்களப் பத்தி விசாரிக்கணும்" என்றான். நம் ஊரில் ஒருத்தன் வீட்டு வாசலில் நின்று பெண்பிள்ளை பெயரைச் சொல்லி விசாரிக்கணும் என்றால் அதற்கு வேறு அர்த்தம் உண்டா, நீயே சொல். ஆடி மாதமே பரமக்குடித் தரகர் பாண்டித்துரையிடம் உன் ஜாதகத்தைக் கொடுத்துவைத்திருந்தேன். அதையும் உன்னிடம் மறைத்தேன். மாப்பிள்ளை வீட்டு ஆள்தான் என்று முடிவு கட்டிவிட்டேன். ஆளையே பார்த்துப் போகலாம் என்று மாப்பிள்ளையே வந்திருப்பானோ என்று உன் அம்மாவுக்குச் சந்தேகம். அதனால் மோரில் இஞ்சி எல்லாம் தட்டிப்போட்டாள்.

அவன் கேட்ட கேள்வியும் அப்படி. "சொந்த வீடா, வாடகையா?" என்றான். "எத்தன வருசமா இருக்கீங்க?" என்றான். "அவங்க மேல போலீஸ் கேஸ் எதுவும் இருக்கா?" என்றான். இந்தக் காலத்தில் இதையும் கேட்பார்கள் போல என்று, "எங்க வம்சத்துக்கே கேஸ் கெடையாது தம்பி. ஆட்டுக் கேஸ் ஒண்ணு, அது பஞ்சாயத்தோட முடிஞ்சுபோச்சு" என்றேன். எங்களை வாசலில் நிற்கவைத்துப் படம் எடுத்தான். அம்மா ஓடிப்போய்த் தலை சீவிக்கொண்டு வந்து நின்றாள்.

பிறகுதான், "இதுக்கு முன்னாடி எங்க வேல பாத்தாங்க?" என்றான். இறால் வாடை என்று தெரிந்தால் வரன் உச்சிப்புளியோடு திரும்பிவிடும் என்று சொந்தக்காரர்கள் சொல்லிச் சொல்லி என் மண்டையில் ஏறியிருந்தது. "வேலையா? எம்மக வாசப்படி தாண்டுனதில்ல தம்பி. இப்பக்கூட மெட்ராசுக்குச் சொந்தக்காரக வீட்டுக்குச் சும்மா போயிருக்கு" என்றேன். உன் சாம்பாரைப் பற்றி அவன் கேட்கவே இல்லை, நானாகச் சொன்னது.

பக்கத்து வீட்டிலும் கேட்க வேண்டும் என்று வெள்ளையம்மாள் வாசலுக்குப் போனான். காரியம் கெட்டது என்று நினைத்தேன். ஆனால் நம் ஊர் வழக்கம் உனக்குத் தெரியும். எத்தனை பகை இருந்தாலும் பெண் விசாரிக்க வந்தவனிடம் ஒரு சொல் குறைத்துச் சொல்ல மாட்டார்கள். வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டேன். அவள் குரல் மட்டும் எனக்கு எப்போதும் கேட்கும். "யுவராணியா? அந்தப் பிள்ள நெழலக்கூட நான் பாத்ததில்ல தம்பி. இறால் கம்பெனியா? அது வேற யாராச்சும் இருக்கும். நாங்க ரெண்டு வீடும் பேச்சுவார்த்த இல்லாதவுக. பேசாதவளே சொல்றேன்னா பாத்துக்கங்க" என்று சொல்லி, கேட்ட இடத்தில் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதனால்தான் அவளைப் பற்றி எழுதியதில் பாதியை அடித்துவிடச் சொன்னேன்.

இரண்டு வருஷம் நீ விடியலில் எழுந்து ஓடி ஓடிச் சம்பாதித்த பெயரை என் வாயாலேயே இல்லை என்று சொல்லிவிட்டேன். அதில் வெட்கப்பட என்ன இருந்தது? வெட்கப்பட்டது என் தப்பு. மன்னித்துவிடு ஆத்தா.

நேற்று நாலு வருஷத்துக்கு அப்புறம் வெள்ளையம்மாள் வாசலில் போய் நின்றேன். விஷயத்தைச் சொல்லி, உண்மையைக் கம்பெனிக்கு எழுதிக் கொடுக்கும்படி கேட்டேன். அவள் முறத்தைக் கீழே வைத்துவிட்டு, "எழுதுறேன். அன்னக்கி அது ஆடு இல்ல, காத்துதான்னு ஒத்துக்கிறீகளாண்ணே?" என்றாள்.

காற்றுதான் என்று ஒத்துக்கொண்டேன். உனக்காகத்தான்.

அய்யா

*

கருவேலங்குளம்
15.12.2024

சென்னைக் கம்பெனி கவிப்ரியா அம்மாளுக்குக் கருவேலங்குளம் வெள்ளையம்மாள் எழுதுவது.

நீங்களும் உங்கள் வீட்டாரும் ஆடு மாடும் நலம்தானே. சென்னையில் ஆடு மாடு இல்லையென்றால் அதை விட்டுவிடவும்.

போன புரட்டாசியில் உங்கள் பையனிடம் நான் சொன்னது பொய். பெண் விசாரிக்க வந்தவன் என்று நினைத்துச் சொன்ன பொய். எங்கள் ஊரில் அது தப்பில்லை, சொல்லாமல் இருந்தால்தான் தப்பு. வந்த பையன் எந்த விசாரணை என்று முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். இப்போது சொல்வது சத்தியம்.

யுவராணி 2022 ஜூலை முதல் இரண்டு வருஷம் மண்டபம் இறால் கம்பெனிக்கு வேலைக்குப் போனாள். ஆறு நாற்பது பஸ். ஆறு இருபத்தைந்துக்கு அவர்கள் வாசல் கதவு திறக்கும். அந்தக் கதவு கிறீச் என்று சத்தம் போடும். எண்ணெய் போடச் சொல்ல எங்களுக்குள் பேச்சுவார்த்தை இல்லை. அந்தச் சத்தத்தில்தான் இரண்டு வருஷமும் எனக்குப் பொழுது விடிந்தது. முதலில் நீலப் பை கொண்டுபோனாள். அதன் வார் அறுந்த பிறகு பச்சைப் பை. ஞாயிற்றுக்கிழமை போக மாட்டாள். சாயங்காலம் ஆறேகாலுக்குத் திரும்பி வருவாள். அவள் வந்துவிட்டாள் என்பது எனக்கு வாடையிலேயே தெரியும். இறால் வாடையை வேறு எங்கே போய் வாங்கிவர முடியும், நீங்களே சொல்லுங்கள்.

மூன்று நாள் அந்தப் பஸ்ஸை விட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் போனாள். ஒரு நாள் மாடு கன்று போட்டது. ஒரு நாள் அவள் அய்யாவுக்கும் அம்மா முருகலட்சுமிக்கும் சண்டை. காரணம் எனக்குத் தெரியும், கம்பெனிக்கு வேண்டாம். இன்னொரு நாள் தூங்கிவிட்டாள். முருகலட்சுமி போட்ட சத்தத்தில் தெருவே எழுந்துவிட்டது.

இத்தனையும் எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். பேசுகிற வீடாக இருந்தால் நான் ஏன் பார்க்கப்போகிறேன்? கேட்டுத் தெரிந்துகொண்டிருப்பேன்.

ஒரு ஐப்பசியில் மழை கொட்டி ஊருக்குள் பஸ் வரவில்லை. அந்தப் பிள்ளை தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு மெயின் ரோடு வரைக்கும் நடந்தே போனாள். என் வீட்டில் குடை இருந்தது. கூப்பிட்டுக் கொடுத்திருக்கலாம். வீராப்பில் கொடுக்கவில்லை. அது எனக்கு இன்னும் உறுத்துகிறது. அதற்கும் சேர்த்துத்தான் இதில் கையெழுத்துப் போடுகிறேன்.

ஆடு விஷயம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அது காற்று.

இப்படிக்கு
வெள்ளையம்மாள்

*

சென்னை
11.1.2025

அன்புள்ள அய்யாவுக்கும் அம்மாவுக்கும்,

அட்டை வந்துவிட்டது! முந்தாநாள் மூன்றே முக்கால் மணிக்கு, ஒரு நாள் மிச்சம் இருக்கும்போது வந்தது. நீல நாடா. படத்தில் நான் யாரோ மாதிரி இருக்கிறேன், ஆனால் நான்தான். அட்டையைக் கழுத்தில் போட்டு எடுத்த படத்தைப் போனில் அனுப்பியிருக்கிறேன், அம்மாவைக் காட்டச் சொல்லுங்கள்.

அத்தையின் கடிதம் டிசம்பர் மாதமே வந்துவிட்டதாம். உறையில் துறை எண் எழுதவில்லை என்று தபால் தட்டிலேயே பதினைந்து நாள் கிடந்திருக்கிறது. பாக்கர் அண்ணன்தான் உச்சிப்புளி முத்திரையைப் பார்த்து எடுத்துக்கொண்டு மேலே ஓடினார். கவிப்ரியா மேடம் படித்தார். பிறகு பக்கத்து மேசைக்காரர்களைக் கூப்பிட்டுச் சத்தமாகப் படித்தார். குடை வந்த இடத்தை மட்டும் இரண்டு தடவை படித்தார். அதோடு நிற்காமல் அவரே தூத்துக்குடிக்குப் போன் போட்டு, என் பழைய மேனேஜர் இமானுவேல் சாரைப் பிடித்துவிட்டார். நாலு மாதம் மெயிலில் கிடைக்காத வருகைப் பதிவேடு நாலு நிமிஷத்தில் வந்தது. இரண்டு வருஷத்தில் நான் தாமதமாகப் போனது மூன்றே நாள். அத்தை எழுதியதும் மூன்று. "இந்தம்மா எங்களுக்கே வேல பார்ப்பாங்களா? எங்க ஏஜென்சி ரிப்போர்ட்ல இதுல பாதிகூட இல்ல" என்று மேடம் கேட்டார். முழுக்க விளையாட்டாகக் கேட்ட மாதிரி தெரியவில்லை.

நேற்றுக் காலையில் பழக்கதோஷத்தில் பதிவேட்டில் எழுதப் போனேன். பாக்கர் அண்ணன் அதைப் பட்டென்று மூடி, "இனிமே இது ஒனக்கு இல்ல தாயி, உள்ள போ" என்றார். லேப் கதவில் அட்டையைக் காட்டினேன். திறந்தது. மிளகாய் நெடியில் இரண்டு தும்மல் போட்டேன். நம் வீட்டுக்குள் நுழைந்த மாதிரி இருந்தது அய்யா.

உங்கள்மேல் கோபம் இருந்தது, இப்போது இல்லை. நீங்கள் காற்று என்று ஒத்துக்கொண்டது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும். அத்தைக்கு ஒரு குடை வாங்கி வைத்திருக்கிறேன். பொங்கலுக்கு லீவு கேட்டிருக்கிறேன், கிடைத்தால் கொண்டுவருகிறேன். லீவு பிராசஸ்ல இருக்கிறது.

உங்கள்
யுவராணி

*

கருவேலங்குளம்
16.2.2025

என் ஆத்தா யுவராணிக்கு,

பொங்கலுக்கு நீ வரவில்லை. அந்த லீவு தை கடைசியில்தான் கிடைத்தது என்று எழுதியிருந்தாய், வருகிறபோது வா. உன் அட்டைப் படத்தை உச்சிப்புளியில் பெரிதாகப் போட்டுச் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறோம். வாசல் கதவுக்கு எண்ணெய் போட்டுவிட்டேன். இப்போது கிறீச் சத்தம் இல்லாமல் பொழுது விடிந்ததே தெரியவில்லை என்று வெள்ளையம்மாள் குறைப்படுகிறாள்.

போன வியாழக்கிழமை ஒரு கார் வந்தது. வேட்டி கட்டிய பெரிய மனிதர் ஒருவரும் அவர் சம்சாரமும் இறங்கினார்கள். "யுவராணியப் பத்தி விசாரிக்க வந்தோம்" என்றார். இந்தத் தடவை நான் உஷாராக இருந்தேன். உன் கம்பெனி திரும்பவும் ஆள் அனுப்பியிருக்கிறது, இரண்டாவது தடவை ஏமாறக் கூடாது என்று நினைத்து, உட்காரச் சொல்வதற்கு முன்னாலேயே ஆரம்பித்துவிட்டேன்.

"ரெண்டு வருசம் மண்டபம் இறால் கம்பெனி. காலையில ஆறு நாப்பது பஸ்ஸு. மூணே நாள் லேட்டு" என்றேன். வேலிப் பக்கம் திரும்பி, "தங்கச்சி, இங்கன கொஞ்சம் வா, விசாரிக்க வந்திருக்காக" என்று கூப்பிட்டேன். வெள்ளையம்மாள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்து, "ஆமாங்க, அந்த வாடை எங்க வீட்டுக்குள்ளயே வரும். அம்புட்டு வேல பாத்த பிள்ள. எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரவா?" என்றாள். வந்த அம்மாள் சேலைத் தலைப்பை மூக்குக்குக் கொண்டுபோனாள். போன வருஷத்து வாடை இந்தம்மாவுக்கு இப்போது எப்படி அடிக்கிறது என்று எனக்குப் புரியவில்லை.

"சமையல் எப்படி?" என்று அந்தம்மா கேட்டாள்.

"லேபுக்கு அது எதுக்குங்க?" என்றேன்.

அப்போதுதான் காருக்குள் தரகர் பாண்டித்துரை தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். ஆடியில் நான் கொடுத்த உன் ஜாதகம் ஆறு மாதம் கழித்து வேலை செய்திருக்கிறது. போச்சு, போய்விடுவார்கள் என்று நினைத்தேன். ஆனால் அந்தப் பெரியவர் உள்ளே மாட்டியிருக்கிற உன் படத்தைப் பார்த்துக்கொண்டே, "மறைக்காமச் சொன்னீக, அதுவே போதும். பையன் ராமநாதபுரத்துல வேல பாக்கான். எங்களுக்குச் சம்மதம். பூ வைக்க எப்ப வரட்டும்?" என்றார்.

உன் அம்மா என்னைப் பார்த்தாள். நான் எதிர்பார்த்திருந்த பேச்சுத்தான் அது. ஆறு மாதத்துக்கு முன்னால் என்றால் அங்கேயே தேதி குறித்திருப்பேன். படத்தில் உன் கழுத்தில் தொங்கும் நீல நாடாவைப் பார்த்தேன். நீ சோபாவில் உட்கார்ந்து கிடந்த நாலு மாதமும் நினைப்பு வந்தது. கொடுத்த வாக்கு வாக்குத்தான். ஆனால் வாசல் தேடி வந்தவரை முகத்தில் அடித்தமாதிரி அனுப்புவதும் எனக்கு வராது. அதனால் முகம் சுளிக்காமல் சிரித்துக்கொண்டே, "பிராசஸ்ல இருக்குங்க" என்றேன்.

"அப்படின்னா? எம்புட்டு நாளாகும்?"

"அது சொல்ல முடியாதுங்க. மொதல்ல வெளி ஆளுகள வச்சு மாப்பிள்ளையப் பத்தி விசாரிக்கணும். சொந்த வீடா வாடகையா, கேஸ் ஏதும் இருக்கா, வேலைக்குச் சரியா நேரத்துக்குப் போறாரா, எல்லாம் பாக்கணும். பக்கத்து வீட்ல ஒங்களோட பேசாதவுக யாராச்சும் இருந்தா அவுக வெலாசம் குடுங்க. அப்புறம் நீலப் பின்னணியில ரெண்டு போட்டோ."

"வெள்ளப் பின்னணியிலயும் ரெண்டு" என்றாள் வெள்ளையம்மாள்.

மோர் குடித்துவிட்டுப் போனார்கள். உனக்கு எப்போது தோன்றுகிறதோ அப்போது எழுது ஆத்தா. அதுவரைக்கும் யார் வந்து கேட்டாலும் இங்கே பிராசஸ்லதான் இருக்கும்.

உடம்பைப் பார்த்துக்கொள். சாம்பார் கற்றுக்கொள்ளாவிட்டாலும் பரவாயில்லை.

உன்
அய்யா